‘விஷவாயு தாக்கி பலி’: இறங்கச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘செப்டிக் டேங்கில் இறங்கிய இருவர் விஷவாயு தாக்கி பலி’ என்ற தலைப்பு, ஊர்ப்பெயர் மட்டும் மாறி, நம் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. தலைப்பின்படி குற்றவாளி வாயு. இறங்கச் சொன்னது யார், எந்தச் சட்டப்பிரிவில் வழக்குப் பதிவானது என்ற இரண்டும் பெரும்பாலும் செய்தியில் இருப்பதில்லை. அதனால் வீட்டு உரிமையாளர்களும் இடி விழுந்த செய்தியைப் போல இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆட்களை அமர்த்தத் தடை விதிக்கும் சட்டம் 2013 டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆவது பிரிவு, பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும், உள்ளாட்சியும், நிறுவனமும் யாரையும் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ அமர்த்தக் கூடாது என்கிறது. ‘நான் கழிவுநீர் உறிஞ்சும் லாரிக்காரரிடம்தான் பேசினேன், அவர்தான் ஆளை இறக்கினார்’ என்ற சமாதானத்துக்கு எதிராகத்தான் ‘மறைமுகமாக’ என்ற சொல் அங்கே நிற்கிறது. மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம் வரை. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். ‘அவரே சம்மதித்துத்தான் இறங்கினார்’ என்பதும் எடுபடாது. தடை அமர்த்துபவர் மீதுதான்.

‘அபாயகரமான’ என்ற சொல்லில் ஓட்டை தேடுபவர்கள் உண்டு. கையுறையும் முகமூடியும் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளைப் படித்தால் அந்த நினைப்பு தங்காது. ஆள் இறங்கியே தீர வேண்டிய அரிதான நிலையில்கூட, உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுதி அனுமதி தர வேண்டும். கழிவுநீர் வரத்தை நிறுத்த வேண்டும், உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்க வேண்டும். பகலில் மட்டுமே வேலை, அதுவும் ஒரே மூச்சில் 90 நிமிடத்துக்கு மேல் கூடாது. குறைந்தது மூன்று பேர் அங்கேயே இருக்க வேண்டும், அதில் ஒருவர் மேற்பார்வையாளர். ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஒரு தனி வீட்டுக்காரர் இதையெல்லாம் நிறைவேற்ற வழியே இல்லை. ஆகவே வீடு, கடை, ஓட்டல், அடுக்குமாடி எதுவானாலும் சட்டத்தின் நடைமுறைப் பொருள் ஒன்றுதான்: ஆள் இறங்கக் கூடாது.

முகமூடி ஏன் உதவாது? டேங்கின் அடியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அழுகிய முட்டை நாற்றம் வருவது மிகக் குறைந்த அளவில்தான். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். ‘நாற்றம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம்’ என்று தோன்றும் நேரம் அதுதான். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். மூடியைத் திறந்து வைத்தாலும் ஆபத்து போய்விடாது. கசடுக்குள் சிறைப்பட்டிருக்கும் வாயு, காலோ மண்வெட்டியோ பட்டுக் கலங்கும்போதுதான் வெளியே வருகிறது. கூடவே ஆக்சிஜனும் குறைவு, வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருப்பது உள்ளே 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். துணியோ, வடிகட்டி முகமூடியோ இல்லாத ஆக்சிஜனைத் தர முடியாது. மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கம் அதைவிட மோசம். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டேதான் இருக்கும். மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

சரி, லாரி வந்த பிறகும் ஆள் ஏன் இறங்குகிறார்? ஆழம் என்பது வெறும் சாக்கு. உறிஞ்சு குழாய் நடைமுறையில் 6 மீட்டர் ஆழம்வரை இழுக்கும். நம் வீட்டு டேங்குகள் பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. உண்மைக் காரணம், பத்துப் பதினைந்து ஆண்டு திறக்காமல் விட்டதால் கசடு களிமண்ணாக இறுகிக் கிடப்பது. 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் இறுகாது. எடுக்கும் நேரம் வந்துவிட்டதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். நீளக் கம்பின் அடிப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, தரை தட்டும்வரை இறக்கிச் சில நிமிடம் வைத்து எடுத்தால் கசடு இருக்கும் உயரத்துக்குக் கறை படிந்திருக்கும். டேங்க் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால் லாரியைக் கூப்பிட வேண்டும். இறுகிப்போனதை அதிக அழுத்த நீர்பாய்ச்சிக் கரைத்து உறிஞ்சலாம். லாரிக்குக் கூடுதல் நேரம், கூடுதல் பணம் ஆகும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஆள் இறக்கப்படுகிறார். இறக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதியினர் என்பது ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, ‘அடிவரை வழித்துச் சுத்தமாக எடுங்கள்’ என்று உரிமையாளர் நிற்பது. அது தேவையே இல்லை. அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் நல்லது. புதுக் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. கழுவித் துடைக்க அது சம்ப் அல்ல.

பொறியாளர்களுக்கும் கொத்தனார்களுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு அறை வைத்துக் கட்டிவிட்டு ஒரே ஒரு மூடி வைத்தால், மறு அறையின் கசடை எடுக்கக் குழாய் போகாது. ஒவ்வோர் அறைக்கும் தனித் திறப்பு, வாயு வெளியேற வென்ட் பைப், லாரிக் குழாய் எட்டும் இடம் ஆகிய மூன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். திறப்பின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உடைக்க மனமில்லாமல்தான் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

இதுவரை ஒரு சொட்டுக் கழிவுகூட விழாத புது டேங்கிலும் சாவு நடக்கிறது. மேல் ஸ்லாப் போட்டு, சில வாரம் மூடிக் கிடந்த பிறகு கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடித்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் இறங்குகிறார். தேங்கிய தண்ணீரில் பலகையும் சாக்கும் அழுகி, உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். புது டேங்க் என்பதால் நாற்றம்கூட எச்சரிக்காது. சென்ட்ரிங்கே தேவைப்படாத, வெளியே முன்கூட்டியே வார்த்த ப்ரீகாஸ்ட் ஸ்லாபுகளை மேலே அடுக்கினால் இந்தச் சாவு அடியோடு இல்லை. ஏற்கெனவே வார்த்தாகிவிட்டது என்றால், எல்லாத் திறப்புகளையும் ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்து, தண்ணீரை வெளியே இருக்கும் மோட்டாரால் இறைத்து, தரைவரை எட்டும் குழாயுள்ள புளோயரால் காற்றடித்து, கருவியால் ஆக்சிஜனை அளந்த பிறகே பிரிக்கத் தொடங்க வேண்டும். பெட்ரோல் பம்பைக் குழிக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடே போதும். இங்கே 2013 சட்டம் பொருந்தாது என்று வாதிட்டாலும், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல் என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு இருக்கிறது. 5 ஆண்டு வரை சிறை.

ஒருவர் உள்ளே மயங்கினால் அடுத்தவர் இறங்கக் கூடாது. அண்ணனைத் தூக்கத் தம்பி, தம்பியைத் தூக்க வீட்டுக்காரர் என்று இரண்டாவது, மூன்றாவது உயிர் போவது இப்படித்தான். 101, 108 இரண்டையும் அழைத்துவிட்டு, கிடைக்கும் புளோயரால் உள்ளே காற்றைச் செலுத்துவதே வெளியில் இருப்பவர்கள் செய்யக் கூடியது.

அரசின் கடமை பணம் கொடுப்பதோடு முடிவதில்லை. 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இத்தகைய உயிரிழப்புக்கு 10 லட்சம் ரூபாய் என்று வைத்த இழப்பீட்டை, 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். கருவிகளையும் நவீன முறைகளையும் பயன்படுத்துவது உள்ளாட்சியின் பொறுப்பு என்று அதே 2013 சட்டத்தின் 33-ஆவது பிரிவு சொல்கிறது. லாரி நுழையாத சந்துகளுக்குச் சிறிய வண்டி இல்லாத உள்ளாட்சி அந்தக் கடமையில் தவறியதாகவே பொருள். உரிமம் பெற்ற லாரிக்கும் புகாருக்கும் 14420 என்ற எண் இருக்கிறது. தெருச் சுவரில் எழுதியிருக்கும் செல்பேசி எண்ணைப் பார்த்துக் கூப்பிடுபவர்களுக்கு அது தெரியவில்லை.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய சாவில் சில இடங்களில் ‘சந்தேக மரணம்’ என்றோ, அஜாக்கிரதை என்றோ மட்டும் பதிந்து, 2013 சட்டத்தின் 7-ஆவது பிரிவையும், மேலே சொன்ன தண்டனையை விதிக்கும் 9-ஆவது பிரிவையும் சேர்க்காமல் விடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் அளிக்கப்பட்டிருந்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். ஆகவே முதல் நாள் காவல் நிலையத்தில் ‘எந்தப் பிரிவு?’ என்று கேட்டு எழுதுங்கள். மூன்று மாதம் முடியும் முன் இன்னொரு முறை போய், புகார் நீதிமன்றத்துக்குப் போனதா, இழப்பீடு குடும்பத்தின் கைக்கு வந்ததா என்று கேட்டு அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர்,
திருச்சி