குவிஸ் மாஸ்டர் சொன்னது சரிதான்டா!

அன்புள்ள சேகர்,

உன் கடுதாசி கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். அதற்காகத் தைலத்தை நிறுத்திவிடாதே.

கல்லூரி வினாடி வினா ஞாபகம் இருக்கிறதா? 'ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகளை எழுதி வைத்த ஊர் எது?' என்றதும் நீ மேஜையைத் தட்டி 'லண்டன்' என்றாய். குவிஸ் மாஸ்டர் 'ஊட்டி' என்றார். கோப்பை போச்சு. அந்த மனுஷனை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் சொன்னது சரிதான்டா!

போன வாரம் தங்கச்சி மகன் ஸ்னூக்கர் ஆட இழுத்துப்போனான். இரண்டு கட்டிலை நீளவாக்கில் போட்ட மாதிரி மேஜை. கோல் நுனியில் நீலச் சாக்கைத் தேய் தேய் என்று தேய்த்து ஒரு அடி அடித்தேன். வெள்ளைப் பந்துதான் குழிக்குள் போனது. 'மாமா, அது ஃபவுல்' என்றான். அந்த ரோஷத்தில் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

1875, ஜபல்பூர். மழைக்காலம். வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளுக்கு பில்லியர்ட்ஸ் மேஜையே கதி. நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (இங்கிலாந்துப் பிரதமராக இருந்தாரே, அவரில்லை) பதினைந்து சிவப்புப் பந்துகளோடு கலர் பந்துகளையும் சேர்த்துப் பார்த்தார். இங்கிலாந்தில் வுலிச் ராணுவப் பள்ளியில் முதல் வருஷப் பையனுக்கு 'ஸ்னூக்கர்' என்று பட்டப்பெயர். நம் பாஷையில் கத்துக்குட்டி. லட்டு மாதிரி இருந்த பந்தை ஒருத்தர் கோட்டைவிட, சேம்பர்லின் அவரை ஸ்னூக்கர் என்று கிண்டலடித்துவிட்டார். பிறகு, 'இந்த ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்னூக்கர்தான்' என்று சமாளித்தாராம். பேர் ஒட்டிக்கொண்டது.

1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதி மாட்டியிருக்கிறார்கள். குவிஸுக்கு முந்தின மாதம் நாம் அந்த ஊரில்தான் வர்க்கி தின்றுகொண்டு திரிந்தோம்!

'கண்டுபிடித்தவன் நான்தான்' என்று சேம்பர்லின் பத்திரிகைக்குக் கடிதம் போட்டது 1938இல், 82 வயதில். அறுபத்து மூன்று வருஷம் ஒருத்தன் எப்படிடா வாயை மூடிக்கொண்டிருந்தான்? உன்னால் முடியுமா?

இன்னொன்று. வெள்ளைக்காரர்களின் 'மல்லிகடானி' சூப் நம் மிளகுத்தண்ணிதான். கறி போட்டதைக்கூட மன்னிக்கலாம், ஆப்பிளையும் நறுக்கிப் போடுகிறார்கள். உன் வீட்டுத் தங்கச்சியிடம் சொல்லிவிடாதே, அடுத்த மாதம் வரும்போது எனக்கு அவள் கை ரசம் ரசமாகவே வேண்டும்.

அன்புடன்,
ராமு