மாறுதிசை மின்சுற்றுப் பாடம்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மின்பொறியியல் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஃபேசரை, அதாவது சைன் அலையின் வீச்சையும் கட்டத்தையும் (சுழற்சியில் அலை நிற்கும் இடத்தையும்) ஒரே கலப்பெண்ணாக எழுதும் முறையை, வெறும் சூத்திரமாகக் கையில் கொடுக்காதீர்கள். அது எங்கிருந்து வருகிறது, எங்கே செல்லாது என்ற இரண்டையும் அதே அத்தியாயத்தில் வையுங்கள்.

30 ஓம் மின்தடையும் சுமார் 127 மில்லிஹென்றி மின்தூண்டியும் தொடராக, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்மூலத்தோடு இணைந்திருக்கின்றன. இம்பீடன்ஸ் (மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பு) 50 ஓம், மின்னோட்டம் 4.6 ஆம்பியர் என்று மாணவர் நொடியில் சொல்லிவிடுவார். வோல்ட்மீட்டரை வைத்தால் மின்தடையில் 138, மின்தூண்டியில் 184 (சுருளின் சொந்தத் தடையை விட்டுவிடுவோம்). கூட்டினால் 322. பகுதிகளின் மின்னழுத்தங்களைக் கூட்டினால் மூலத்தின் மின்னழுத்தம் வர வேண்டும் என்ற கிர்க்காஃப் விதி பொய்த்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். சூத்திரம் தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். அந்த விதி ஒவ்வொரு கணத்து மதிப்புக்கும் உரியது. மீட்டர் காட்டுவதோ ஆர்.எம்.எஸ். மதிப்பு (கண மதிப்புகளுடைய வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்). இரண்டு மின்னழுத்தங்களின் உச்சங்களும் கால் சுழற்சி விலகி வருவதால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால்தான் 230 கிடைக்கும்.

இந்த விலகல் எப்படி வருகிறது என்பதை வகைக்கெழுச் சமன்பாடே காட்டிவிடும். சைன் அலையை வகையிட்டாலும் அதே அதிர்வெண்ணில் சைன் அலைதான். மாறுவது வீச்சும் கட்டமும் மட்டுமே. அந்த இரண்டையும் ஒரே கலப்பெண்ணில் அடக்கினால் வகையிடுதல் வெறும் பெருக்கலாகிவிடுகிறது. 1893இல் சிகாகோ மின்பொறியியல் மாநாட்டில் மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் முன்வைத்த வழி இதுதான். ஒரு வகுப்பு நேரம் போதும். அதற்கு நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே கணக்கை எண் மாற்றி மாற்றிப் போட நேரம் இருக்கிறதே!

எல்லைகளைச் சொல்லாமல் விடுவது இதைவிட மோசம். மேற்சொன்ன சுற்றின் கால மாறிலி (மாற்றங்கள் எவ்வளவு விரைவில் தணியும் என்பதன் அளவு) ஏறக்குறைய 4.2 மில்லிவினாடி. சுவிட்சைப் போட்டதும் எழும் நிலையற்ற பகுதி அடங்க ஒரு சுழற்சியாவது ஆகும். சுவிட்ச் போடும் கணத்தைப் பொறுத்து அது பெரிதாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஃபேசர் கணக்கில் இதற்கு இடமே இல்லை. வேறு வேறு அதிர்வெண்களின் ஃபேசர்களை ஒன்றாகக் கூட்டவும் கூடாது. 50 ஹெர்ட்ஸில் 40 ஓமாக நிற்கும் அதே மின்தூண்டி 150 ஹெர்ட்ஸில் 120 ஓம்.

மாறுதிசையை நேர்திசையாக்கும், மின்தேக்கி வைத்த ரெக்டிஃபையர் துண்டு துண்டாக மின்னோட்டம் இழுக்கிறது. அங்கே அடிப்படை அதிர்வெண்ணின் கட்டக்கோணம் ஏறக்குறைய சுழியாக இருந்தும் திறன் காரணி 1ஐவிட வெகுவாகக் குறைந்திருக்கும். திறன் காரணி என்றால் கோணத்தின் கொசைன் என்று மட்டுமே படித்தவர் இதை எப்படி விளக்குவார்? மெய்த்திறனை வோல்ட்-ஆம்பியரால் வகுப்பதே வரையறை என்று தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

அடுத்த திருத்தத்தில் ஒரு தேர்வுக் கேள்வியையாவது இப்படி மாற்றுங்கள்: சுற்றைக் கொடுத்து, ஃபேசர் முறை இதற்குப் பொருந்துமா, ஏன் என்று மட்டும் கேளுங்கள். கணிப்பான் தேவைப்படாது.

அன்புடன்,
மின்சுற்று ஆய்வக ஆசிரியர் ஒருவர்