காரணம் கேட்காதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணத்துக்குக் கணக்குக் காட்டுவதில்லை என்று பெற்றோர் எழுதும் கடிதங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. குறை நியாயமானதுதான். ஆனால் அதையே மனுவாக எழுதி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினால் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற ஒற்றை வரிதான் திரும்பி வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. இருந்தும் இந்தச் சட்டத்தின் கீழ் கேட்டவர்களிலும் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பதிவேட்டைக் கேட்க வேண்டிய இடத்தில் விளக்கம் கேட்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

"எமது பாடசாலைக்கு ஏன் கணித ஆசிரியர் தரவில்லை?" என்று எழுதினால் தகவல் அலுவலர், அதாவது இந்த விண்ணப்பங்களுக்குப் பொறுப்பாக அலுவலகத்தில் நியமிக்கப்பட்டவர், எதையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. கோப்பில் இருப்பதைத் தருவதுதான் அவர் கடமை. இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தருவது அல்ல. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "2023.01.01 முதல் 2024.12.31 வரை மேற்படி பாடசாலையில் கணித பாடத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை? ஒவ்வொரு ஆண்டும் கடமையில் இருந்தோர் எத்தனை? அக்காலத்தில் அப்பாடசாலையின் கணித ஆசிரியர்களை வேறு பாடசாலைகளுக்குத் தற்காலிகமாக இணைத்த கடிதங்களின் பிரதிகள் தேவை."

இதில் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் கேட்டதில் பாதிப் பயன் போய்விடும். இணைப்பில் போன ஆசிரியரின் பெயர் பழைய பாடசாலையின் பட்டியலிலேயே இருக்கும். சம்பளமும் அந்தப் பாடசாலைக் கணக்கில்தான் போகும். ஆள் மட்டும் நகரப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருப்பார். ஆளணியை மாத்திரம் கேட்டவருக்கு "வெற்றிடம் இல்லை" என்று பதில் வரும். கடதாசியின்படி அது பொய்யும் அல்ல. ஆளணிப் பட்டியலையும் இணைப்புக் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆள் எங்கே என்பது தெரியவரும். ஆசிரியரின் மருத்துவ விடுமுறைக்கான காரணம் போன்றவற்றைக் கேட்டுவிடாதீர்கள். அவை தனிப்பட்ட தகவல் என்று மறுக்கப்படும், அதைச் சாட்டாக வைத்து மற்றவையும் இழுபடும்.

பணக் கணக்குக்கும் இதே முறைதான். "சங்கக் கணக்கைத் தாருங்கள்" என்றால் ஒரு பக்க வரவு செலவுச் சுருக்கம் கையில் தருவார்கள். கேட்க வேண்டியவை காசேடு, வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், கொடுப்பனவு உறுதிச்சீட்டுகள், அச்செலவுகளை அங்கீகரித்த கூட்ட அறிக்கைகள் ஆகியவை. ஒரு ஆண்டுக்கு மட்டும் கேளுங்கள். "பாடசாலை தொடங்கிய நாள் முதல்" என்று கேட்பவர் கால நீடிப்புக்குத் தானே வழி திறந்து கொடுக்கிறார். ஆவணங்கள் அதிகம் என்று காரணம் காட்டி மேலும் 21 நாட்கள் வரை எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. மாணவர்களிடம் பாடசாலை அறவிடும் வசதிகள் சேவைகள் கட்டணத்துக்கும் சங்கப் பணத்துக்கும் கணக்கு வேறு வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். "சங்கம் தனி அமைப்பு, எங்களிடம் இல்லை" என்றும் சில இடங்களில் சொல்வார்கள். சங்கத்தின் தலைவர் அதிபர்தான், புத்தகங்கள் இருப்பதும் பாடசாலை அலுமாரியில்தான். பாடசாலை போன்ற பகிரங்க அதிகாரசபையின் உடைமையில், பொறுப்பில் அல்லது கட்டுப்பாட்டில் உள்ள எந்தத் தகவலையும் கேட்கலாம் என்பது சட்டத்தின் 3ஆம் பிரிவு.

பிரதி எடுப்பதற்கு முதல் நேரில் பார்வையிடக் கேட்பது புத்தி. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 2017இல் வெளியான கட்டண விதிகளின்படி பார்வையிட முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், பிறகு மணித்தியாலத்துக்கு 50 ரூபா. போட்டோப்பிரதியில் ஏ4 அளவில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்கு 2 ரூபா. முழுக் காசேட்டையும் பிரதி கேட்பதை விட, புரட்டிப் பார்த்துச் சந்தேகமான 30 பக்கத்தைக் குறித்துக் கொடுத்தால் 52 ரூபாவோடு வேலை முடியும். ஒரு மணித்தியாலம் என்பது காசேட்டுக்குப் போதும். உறுதிச்சீட்டுக் கோவைக்குப் போதாது. ஆகவே காசேட்டை முதலில் கேளுங்கள். பிரதிகளை உறுதிப்படுத்தித் தரும்படியும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

எங்கே கொடுப்பது? மாகாணப் பாடசாலை என்றால் அந்த வலயக் கல்வி அலுவலகத்தில். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மேற்கு, மட்டக்களப்பு மத்தி, கல்குடா, பட்டிருப்பு என ஐந்து வலயங்கள். அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், மகாஓயா, தெஹியத்தகண்டி என ஏழு. தேசிய பாடசாலைகள் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் வருபவை. அவற்றின் ஆளணியை வலயத்தில் கேட்டு மூன்று வாரத்தைப் போக்கடித்தவர்கள் பலர்.

அதிபரிடம் கேட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தகவல் கேட்பவர் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை, இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். அடுத்த ஊரில் இருக்கும் மாமா கையொப்பமிடலாம். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் பிரஜைகளாக உள்ள பழைய மாணவர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் தங்கள் பெயரிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரிக்க எவருக்கும் உரிமையில்லை. தொடர்பு விபரம் மட்டும் கொடுத்தால் சரி. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஆர்.டி.ஐ. 01 (ஆர்.டி.ஐ. என்பது தகவலுக்கான உரிமையின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற விண்ணப்பப் படிவம் இருக்கிறது, கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினாலே போதும். கிழக்கில் நிர்வாக மொழி தமிழ்.

இனித் திகதிக் கணக்கு. பலர் சறுக்கி விழுவது இங்கேதான். இரண்டு பிரதி கொண்டு போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதற்கு மேல் 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். தவணை விடுமுறையைக் கழித்துக் கணக்குப் பார்க்காதீர்கள். பாடசாலைக்குத்தான் லீவு, கந்தோருக்கு இல்லை.

பதில் வராவிட்டால் அதே கடிதத்தை மீண்டும் எழுதுவது பெரிய பிழை. மௌனமும் மேன்முறையீட்டுக்கு ஒரு காரணம். அரைகுறைப் பதிலும் அப்படியே. அது தெரிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஐ. 10 படிவத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதாவது மேன்முறையீட்டைக் கேட்க அதே அதிகாரசபையில் நியமிக்கப்பட்டவருக்கு, எழுத வேண்டும். அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். சட்டத்தரணி தேவையில்லை. தான் செய்தது சட்டப்படி சரி என்று நிரூபிக்கும் பாரம் அலுவலகத்தின் தலையில். நடுப்படியைத் தாண்டி நேரே ஆணைக்குழுவுக்கு எழுதியவர்களின் கடிதம் மட்டும் திரும்பி வரும்.

மறுப்புகளில் நியாயமானவையும் உண்டு. இன்னொரு பிள்ளையின் புள்ளியையோ குடும்ப விபரத்தையோ தரமாட்டார்கள், தரவும் கூடாது. முதலாம் தர அனுமதிப் புள்ளிப் பட்டியல் வேண்டுமானால் "பெயர், முகவரி நீக்கி" என்று நீங்களே எழுதிவிடுங்கள். மறைக்க வேண்டிய பகுதியை மறைத்து மிச்சத்தைத் தரச் சட்டம் சொல்கிறது. "ஆவணம் காணாமல் போய்விட்டது" என்பது வேறு கதை. 2004 சுனாமியில் கரையோரப் பாடசாலைகளின் பதிவேடுகள் அழிந்தது உண்மை. ஆனால் சட்டம் வந்தபின் உருவான பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதால், 2018ஆம் ஆண்டுக் காசேடு இல்லை என்று சொல்பவர் அதை எழுத்தில் தரட்டும். எழுத்தில் கேட்டதும் புத்தகம் கிடைத்துவிடுவது நம்மூரில் நடக்காத காரியமல்ல.

கடைசியாக வலயக் கல்விப் பணிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. தகவல் அலுவலர், குறித்தளிக்கப்பட்ட அலுவலர், ஆணைக்குழு ஆகியோரின் தொடர்பு விபரங்களும் கட்டணமும் மக்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது 26ஆம் பிரிவு. அந்தப் பலகையை வாசலிலேயே வையுங்கள். அதன் பக்கத்தில் தவணைக்கு ஒருமுறை, பாடசாலை வாரியாக அனுமதிக்கப்பட்ட ஆளணி, கடமையில் இருப்போர், இணைப்பில் போனோர் என்று மூன்று நிரலில் ஒரு பட்டியலை ஒட்டிவிடுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஆசிரியர் தொடர்பாக உங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் பாதி அதோடு நின்றுவிடும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற கல்வி அலுவலக இலிகிதர்,
களுவாஞ்சிகுடி.