கடலிலிருந்து கரைக்குப் பேச ஒரு வழி கொடுங்கள்

மீனவர் பாதுகாப்புக்கும் அலைக்கற்றை ஒதுக்கீட்டுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒக்கியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் அது புயலானபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் பல நாள் தொலைவில் இருந்தன. எச்சரிக்கை கரையோடு நின்றுவிட்டது.

இத்தனை வருடம் கழித்து, போன வாரம் என் தம்பி போன படகில் எஞ்சின் நின்றது. வயர்லெஸ் செட்டில் கூப்பிட்டிருக்கிறான். அந்த செட் பேசினால் அக்கம்பக்கத்துப் படகுக்குத்தான் கேட்கும். அது அடுத்த படகுக்குச் சொல்லி, அது இன்னொன்றுக்குச் சொல்லி, கடைசிப் படகு செல்போன் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து எங்களை அழைத்தபோது மறுநாள் சாயங்காலம். வாய்வழியாக வந்ததில் ஜிபிஎஸ் எண்ணில் ஒரு இலக்கம் மாறிவிட்டது. தேடிப் போன படகு வேறு பக்கம் அலைந்து திரும்பியது. அவன் மனைவி இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் உயிரோடு வந்துவிட்டான். சரி, வராமல் போயிருந்தால்?

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கடலிலிருந்து கரைக்குப் பேச ஒரு வழி.

வழி இல்லாமல் இல்லை. யாரும் பயன்படுத்தாத அலைவரிசையைத் தானே கண்டுபிடித்து, அதற்கு மாறிப் பேசும் காக்னிட்டிவ் ரேடியோ இருக்கிறது. தூர்தர்ஷனின் பழைய ஒளிபரப்பு கோபுரங்கள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. அதனால் காலியாகக் கிடக்கும் அந்த டிவி அலைவரிசை செல்போன் அலையைவிடத் தூரம் போகும். மகாராஷ்டிரத்தின் பால்கர் கிராமங்களுக்கு அதே அலைவரிசையில் மும்பை ஐஐடி இணையம் கொடுத்துக் காட்டியது. கரையோரக் கடலுக்கு அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாதா? அதற்கு அப்பால் செயற்கைக்கோள்தான் கதி. ஒரு லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவியைப் பொருத்தும் திட்டத்தில் குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். எங்கள் படகுக்கு அது இன்னும் வரவில்லை.

அலைக்கற்றை ஏலம் என்றால் கோடிக்கணக்கில் பேசுகிறீர்கள். மனு கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்கிறீர்கள். செத்த பிறகு வரும் நிவாரணத்துக்கு மட்டும் படிவம் தயாராக இருக்கிறது. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

தம்பி அடுத்த வாரம் மறுபடி கடலுக்குப் போகிறான். அதற்குள் ஒருநாள் எங்கள் துறைமுகத்துக்கு வந்து, படகில் ஏறி, அந்த செட்டில் நீங்களே பேசிப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கடலிலிருந்து கரைக்குப் பேச ஒரு வழி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மீனவனின் அக்கா