செயலாளர் ஆண்டறிக்கை, 2023: தோட்டத்து ஈயமும் மயில்துத்த டப்பாவும்

எல்லோருக்கும் வணக்கம். காவடி நாள் அன்னதானம், புத்தாண்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். நான் நேரே தோட்டத்துக்கு வருகிறேன், இந்த வருஷச் சண்டையெல்லாம் அங்கேதான்.

நாம் இங்கே டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் மடும்பியும் (சேப்பங்கிழங்கு வகை) கீரையும் போடும் நிலத்தின் கீழ்மூலையில் ஈயம் இருப்பதாக மண் பரிசோதனையில் வந்தது. ஒரு காலத்தில் அங்கே கார் பேட்டரி உடைத்தார்களாம். மண்ணை அள்ளி லாரியில் அனுப்பிவிடலாம் என்றார்கள் சிலர்; லாரிக்காரர் விலை சொன்னதும் கூட்டம் கப்சிப். அப்போதுதான் நம் எலக்ட்ரீஷியன் மாமா, மண்ணுக்குள் கரண்ட் விட்டே உலோகத்தை இழுக்கலாமே என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கரண்ட் விட்டால் களிமண்ணுக்குள் தண்ணீர் நகரும் என்று மாஸ்கோவில் ராய்ஸ் என்பவர் 1809இலேயே கண்டிருக்கிறார்.

சரி, செய்து பார்த்தோம். ஒரு சாண் நீள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரக் களிமண், இரண்டு முனையிலும் டார்ச் பேட்டரிக் கரித்தண்டு, 12 வோல்ட் டிசி அடாப்டர், பாசிட்டிவ் பக்கம் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்ற நீலச் செம்பு உப்பு (ஈயத்தோடு விளையாட வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்). நடுவில் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வேறு. நீலம் மெல்ல நெகட்டிவ் பக்கம் நகர்ந்தது, ஆனால் முனையைத் தொடாமல் இரண்டு விரல் முன்னாலேயே வெளிர்நீலப் பட்டையாகப் படிந்து நின்றுவிட்டது. நெகட்டிவ் முனையில் மஞ்சள் தடவிய காகிதத்தை வைத்தால் குங்குமமாகச் சிவந்தது. விஷயம் இதுதான்: தண்ணீர் பிரிந்து பாசிட்டிவ் முனையில் அமிலமும் நெகட்டிவ் முனையில் காரமும் உண்டாகின்றன, அமிலம் மண் பிடித்துவைத்திருக்கும் உலோகத்தைக் கழற்றிவிடும், காரத்தில் அது திரும்பப் படிந்துவிடும். ஈயமும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். நெகட்டிவ் முனையில் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்ட பிறகுதான் பட்டை கரைந்து கரித்தண்டில் செம்பு ஏறியது. மாமா முகத்தைப் பார்க்கணுமே!

அதற்காக நாளைக்கே தோட்டத்தில் கம்பி நடக் கிளம்ப வேண்டாம். தண்ணீர் இறங்காத களிமண்ணில் இந்த முறைக்கு வேலை உண்டு, ஆனால் கரண்ட் ஈயத்தை அழிப்பதில்லை, ஒரு மூலைக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அங்கே சேரும் நீரை உறிஞ்சி எடுத்து முறையாக ஒப்படைக்க வேண்டும். நம் மூலையில் பழைய இரும்புக் குழாய்கள் வேறு புதைந்து கிடக்கின்றன, கரண்ட் முதலில் அதில்தான் ஓடும். மாதக்கணக்கில் மின்சாரக் கட்டணமும் நாம்தான் கட்ட வேண்டும்.

ஆகவே கீழ்மூலையில் இனி எதுவும் போடக்கூடாது என்று குழு முடிவு செய்திருக்கிறது. மேல்பக்கம் பலகைப் பாத்தி கட்டிப் புது மண் போடுகிறோம். "கழுவிச் சமைத்தால் போயிற்று" என்ற அக்காவுக்கு: கழுவினால் இலைமேல் இருக்கும் புழுதிதான் போகும், வேர் இழுத்தது போகாது.

அப்புறம், அந்த டப்பா பின்னறை அலமாரிமேல் இருக்கிறது. யாரும் சுத்தம் செய்கிறேன் என்று வடிகாலில் கொட்டிவிடாதீர்கள், மயில்துத்தம் மீனுக்கு ஆகாது.