மோரிஸ் மைனரில் இருக்கும் இரண்டு பித்தளை வளையங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் விஷயமாக உங்களுக்கு எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் நான் தேடுகிற ஆட்கள் காலையில் கோப்பிக் கடையில் உங்கள் பத்திரிகையைத்தான் புரட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் 1959-இல் பதிவான மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றதை, அங்கே கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்த என் தாத்தா வாங்கினார். இருபது வருடம் கொட்டகையில் கிடந்ததை இப்போது நானும் தம்பியும் பிரித்துப் போட்டிருக்கிறோம்.

பிரித்த பிறகுதான் தெரிந்தது, பாதி கார் யார் யாரோ செய்தது. எஞ்சின் மௌண்டிங்கில் 9/16 அங்குல ஸ்பானர் போட்டால் லேசாக ஆடுகிறது, 14 போட்டால் கச்சிதமாக உட்காருகிறது. வெள்ளைக்காரன் காரில் மில்லிமீட்டர் போல்ட்டா என்று துடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஜப்பான்காரனின் டட்சன் 120ஒய் எஞ்சின். சரி, அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். லூகாஸ் கம்பெனியின் மின்சாமான்களில் தயாரித்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். எங்கள் வைப்பர் மோட்டாரில் 66 என்று இருக்கிறது, அதுவும் பிறகு வந்ததுதான். கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் காந்தம் ஒட்டாமல் வழுக்கியது. புட்டியைச் சுரண்டினால் உள்ளே ஒரு குழி. மைனருக்கு மினுக்கும் சிக்னல் விளக்கு 1961-இல்தான் வந்தது, அதற்கு முன்னால் திரும்பும் பக்கத்தைக் காட்ட அந்தக் குழியிலிருந்து ஒரு சின்னக் கை எழும்பி நிற்கும். யாரோ கையைப் பிடுங்கிவிட்டுக் குழியை மூடியிருக்கிறார்கள்.

பின் சீட்டுக்குக் கீழே தரையில் ஆணி அடித்திருந்த அலுமினியத் தகட்டைத்தான் எந்தப் பட்டறைப் போர்மேனாலும் என்னவென்று சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஸ்டோரில் வேலை செய்தவர், வாசலில் கிடந்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது பால் தொட்டியில சொருகுற தகடுல்ல, இத எங்கடா திருடினீங்க?" என்றார். ஆசிட் ஊற்றிப் பால் உறையும் தொட்டியில் கட்டியைத் தனித்தனியாகப் பிரிக்கிற தடுப்பு! இரும்போடு அலுமினியம் ஒட்டி ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும், அதனால் தகட்டின் ஓரம் அரித்துப்போயிருக்கிறது. கழற்றத்தான் வேண்டும், ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை, கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஒரு பட்டறையில், "ஒரிஜினல் இல்லாததை எல்லாம் கழற்றி வீசுங்கண்ணே, இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைக்கலாம்" என்றார்கள். வரும்தான். ஆனால் பாட்டி சொன்ன அந்த ஒரு வார்த்தை எந்த நாட்டிலிருந்து வரும்?

இப்போது விஷயம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பித்தளை வளையம், அதற்கு நேர் கீழே தரையில் இன்னொன்று. குறுக்களவு ஒன்றரை அங்குலம் இருக்கும். மேல் வளையத்துக்குக் கீலும் காது வைத்த நட்டும் உண்டு, உள்ளே சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறது. கம்பெனி போட்டதில்லை, துளைகள் கையால் போட்டவை. துரையின் கார், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் 1960-இல்தான் முடிந்தது, அதுவும் துரைமார் கொலையோடு அது தொடங்கிய எங்கள் சுங்கை சிப்புட், ஆகவே துப்பாக்கி நிறுத்தத்தான் என்பது என் கட்சி. தம்பி டார்ச் லைட் என்கிறான். குடைக்குத்தான் என்று அடித்துச் சொல்கிறார் அம்மா, தாத்தா குடை இல்லாமல் கிளம்பவே மாட்டாராம்.

தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகவோ துரைக்கு டிரைவராகவோ இருந்த ஐயாக்கள் யாராவது இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் இதே பகுதிக்கு இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த மாதம் கார் பெயிண்டுக்குப் போகிறது. வளையங்களைக் கழற்றுவதா விடுவதா என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

பழைய கார் பித்தன்,
சுங்கை சிப்புட், பேராக்