சிறு நகரங்களைக் கைவிட்டதே சர்வதேச ஹொக்கி லீக்கை வீழ்த்தியது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளியான ஐஸ் ஹொக்கிக் கட்டுரை, 2001இல் மூடப்பட்ட, வட அமெரிக்காவின் இரண்டாம் நிலைத் தொழில்முறைத் தொடரான சர்வதேச ஹொக்கி லீக்கை, அங்குள்ள முதன்மைத் தொடரான என்.எச்.எல். அமைப்புடன் மோதித் தோற்றுப்போன ஒன்று என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்த அந்த லீக்கின் கதை அவ்வளவு எளிதானதன்று.

1945 டிசம்பரில் ஒன்ராறியோவின் வின்சர் நகரில் கூடிய கூட்டத்தில் அது தோன்றியது. முதற்பருவத்தில் ஆடியவை நான்கே அணிகள். இரண்டு வின்சரைச் சேர்ந்தவை, இரண்டு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டெட்ரோயிட்டைச் சேர்ந்தவை. வெற்றிக் கிண்ணத்துக்கு ஜோ டேர்னரின் பெயரைச் சூட்டினார்கள். வின்சரில் பிறந்து, டெட்ரோயிட் ரெட் விங்ஸ் அணிக்காக 1942இல் ஒரேயோர் ஆட்டத்தில் கோல் காத்து, பின்னர் அமெரிக்கப் படையில் சேர்ந்து ஜெர்மனியின் ஹூர்ட்கன் காட்டுப் போரில் உயிரிழந்த இளைஞர் அவர்.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் டொலிடோ, பிளின்ட், மஸ்கீகன், கலமசூ, ஃபோர்ட் வேய்ன் போன்ற தொழில் நகரங்களே லீக்கைத் தாங்கின. பெரும்பாலும் பேருந்தில் போய் ஆடிவிட்டுத் திரும்பக்கூடிய தூரம் என்பதால் செலவு கட்டுக்குள் இருந்தது. ஃபோர்ட் வேய்ன் மக்களின் பிடிப்பு தனியே சொல்லத்தக்கது. 1952இல் சேர்ந்த கொமெட்ஸ் அணியை 1990இல் அதன் உரிமையாளர் ஆல்பனிக்குக் கொண்டுபோனபோது, பிராங்கே சகோதரர்கள் பிளின்ட் அணியை வாங்கித் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்து அதே கொமெட்ஸ் பெயரில் ஆடவைத்தார்கள். ஆல்பனிக்குப் போன அணியோ அந்தப் பருவம் முடியும் முன்பே கலைந்தது.

இந்த எச்சரிக்கையை லீக்கின் நிர்வாகிகள் பொருட்படுத்தவில்லை என்பதே என் வருத்தம். லாஸ் வேகாஸ், அட்லாண்டா, ஹூஸ்டன் என்று பரந்து, 1994இல் என்.எச்.எல். அணிகள் வேரூன்றியிருந்த சிக்காகோவிலும் டெட்ரோயிட்டிலுமே கடை விரித்து, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் 19 அணிகளாகப் பெருத்தது. விமானச் செலவும் ஊதியமும் ஏறின; தங்கள் இளம் வீரர்களை அங்கு பயிற்சிக்கு அனுப்பிவந்த என்.எச்.எல். அணிகள் மெல்ல மெல்ல மற்றோர் இரண்டாம் நிலைத் தொடரான ஏ.எச்.எல். பக்கம் திரும்பின. ஆகவே என்.எச்.எல். போட்டி ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போட்டியைத் தேடிப்போய் வரவழைத்துக்கொண்டது லீக்கேதான்.

அதன் சாதனைகளையும் கட்டுரை தொடவில்லை. சமநிலையை முடிவுக்குக் கொண்டுவரும் ஷூட்அவுட் முறையை என்.எச்.எல். 2005இல்தான் ஏற்றது; இந்த லீக் அதை எண்பதுகளிலேயே நடைமுறைப்படுத்திவிட்டது. 1992 டிசம்பரில் அட்லாண்டா நைட்ஸ் அணிக்காக மனோன் ரியோம் கோல் காத்தார். ஆடவர் தொழில்முறைப் போட்டித்தொடர் ஒன்றின் வழமையான ஆட்டத்தில் ஒரு பெண் களமிறங்கியது அதுவே முதல்முறை. 1997இல் ஐஸ் ஹொக்கியின் புகழ்பெற்ற முன்னாள் வீரரான 69 வயது கோர்டி ஹோவும் டெட்ரோயிட் வைப்பர்ஸ் சீருடையில் சிறிது நேரம் ஆடினார்.

இன்னொரு திருத்தம். 2001இல் லீக் முழுவதும் ஏ.எச்.எல். உடன் இணையவில்லை. எஞ்சியிருந்த பதினொன்றில் ஆறு அணிகளுக்கே அங்கு இடம் கிடைத்தது. அவ்வாண்டு டேர்னர் கிண்ணத்தை வென்ற ஒர்லாண்டோ அணியும் சேர்க்கப்படாமல் கலைக்கப்பட்டது. 1999இலேயே விலகி வேறொரு சிறிய லீக்குக்குப் போன கொமெட்ஸ் இன்றும் ஃபோர்ட் வேய்னில் ஆடுகிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ